பாறைக்குள் ஓர் அடுக்களை

பாறையைக் குடைந்து அதற்குள் வாழ்ந்தவர் யார் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் விடை ‘துறவிகள்’ என்பதாகவே இருக்கும். அதில் வியப்பில்லை. நாம் கண்டும் கேட்டும் வளர்ந்த குடைவரைகள் அத்தகையவை. அஜந்தாவிலும் கார்லாவிலும் பௌத்தத் துறவியர் தங்கினர். எல்லோராவில் மூன்று சமயத்தார் தத்தம் கோயில்களை அடுத்தடுத்துக் குடைந்தனர். நம் பாண்டி நாட்டுக் குன்றுகளில் சமண முனிவர்க்கென வெட்டிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. உளி பட்ட பாறை என்றால் அங்கே தெய்வம் இருக்க வேண்டும். தெய்வம் இல்லையேல் தெய்வத்தைத் தேடியவராவது இருக்க வேண்டும் என்று நம் மனம் பழகிவிட்டது.

இந்தப் பழக்கத்தை அசைத்துப் பார்த்த ஒரு நாட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன். அந்த நாட்டுக்கு நான் போனதில்லை. நூலக மேசையின் மேல் விரித்த வரைபடங்களிலும் நிழற்படங்களிலும்தான் அதன் பள்ளத்தாக்குகளில் நடந்திருக்கிறேன். கையில் காசில்லாத வரலாற்று மாணவனுக்கு அதுவும் ஒரு பயணந்தானே!

துருக்கி நாட்டின் நடுவே உள்ள உயர்ந்த மேட்டு நிலத்துக்குக் கப்படோசியா என்பது பழம்பெயர். எர்ஜியஸ், ஹசன் முதலிய எரிமலைகள் பல நூறாயிரம் ஆண்டுகளாகக் கக்கிய சாம்பல் அங்கே படிந்து, இறுகி, கல்லாகியது. அந்தக் கல் மென்மையானது. இரும்புக் கருவியால் எளிதில் வெட்டலாம். வெட்டிய பின் காற்றுப் பட்டு அதன் மேற்பரப்பு கெட்டிப்படும். மழையும் காற்றும் அரித்து அரித்து, அந்நிலம் முழுவதையும் கூம்புகளாகவும் மதில்களாகவும் ஆக்கிவிட்டன. மரம் அரிதான அந்த நாட்டில் மக்கள் வீட்டைக் கட்டவில்லை, குடைந்தார்கள். கோடையில் குளிர்ச்சியும், பனி பெய்யும் மாரியில் வெதுவெதுப்பும் தரும் சுவர்கள் அவர்களுக்கு இயற்கையாகவே வாய்த்தன.

கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு உரோமப் பேரரசு, அதாவது பைசாந்தியப் பேரரசு, இந்நிலத்தை நெடுங்காலம் ஆண்டது. அக்காலத்தில் குடைந்த தேவாலயங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே உள்ளன. அவற்றின் சுவர்களிலும் கூரைகளிலும் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் உருவங்களும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. எங்கள் வகுப்பில் ஒரு நாள் அந்த ஓவியங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார்கள். ஆழ்ந்த நீலப் பின்னணியில் நிற்கும் அந்த உருவங்களைக் கண்டு எல்லோரும் மெய்மறந்திருந்தோம். படங்கள் முடிந்ததும், “ஐயங்கள் உண்டா?” என்று ஆசிரியர் கேட்டார். என் மனத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுந்தது. “இவர்கள் எங்கே சமைத்தார்கள், ஐயா?” என்றேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. அதைக் கேட்க அறிஞர்களுக்கே வெகுகாலம் ஆயிற்று. நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள்” என்றார்.

போனேன். அங்கே நான் கண்ட கதை, கப்படோசியாவின் கதையைப் போலவே அதைப் பார்த்தவர்களின் கதையாகவும் இருந்தது.

1907-ஆம் ஆண்டில் கியோம் த ஜெர்பானியான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பள்ளத்தாக்குகளைக் கண்டார். கண்டவர் அவற்றுக்கே தம் வாழ்நாளை ஈந்தார். 1925 முதல் 1942 வரை அவர் வெளியிட்ட பெருநூல் தொகுதிகள் இல்லையேல் கப்படோசியாவின் ஓவியங்களை உலகம் அறிந்திராது. அவர் அளந்தார், வரைந்தார், கல்வெட்டுகளைப் படித்தார். ஆனால் அவர் தேடியது ஓவியம். ஓவியம் இருந்த இடம் தேவாலயம். ஆகவே தேவாலயமே நூலில் இடம் பெற்றது. அதன் பக்கத்துச் சுவரில் திறந்திருந்த வாயிலும், அதற்கு அப்பால் இருந்த இருண்ட கூடமும், கூரை கரிபிடித்த அறையும் நூலின் வெளியே நின்றன. ஓவியம் இல்லாத சுவரில் அவர் படிப்பதற்கு என்ன இருந்தது?

இவ்வளவு தேவாலயங்கள் ஏன் என்ற கேள்விக்கு விடையும் எளிதாகக் கிடைத்தது. கீழைக் கிறிஸ்தவத் துறவு வாழ்வுக்கு ஒழுங்கு வகுத்த பெரியார் பசில், நான்காம் நூற்றாண்டில் கப்படோசியாவின் தலைநகராகிய செசரியாவில் ஆயராக இருந்தவர். அவர் பிறந்த மண், மக்கள் அரவமற்ற பள்ளத்தாக்குகள், குகைகள், தேவாலயங்கள். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் விடை துறவி மடம் என்றுதானே வரும்? அப்படியே வந்தது. குடைந்த கூடம் எல்லாம் மடத்தின் கூடம் ஆயிற்று. குடைந்த அறை எல்லாம் துறவியின் அறை ஆயிற்று. ஒரு நாடு முழுவதும் துறவிகளே வாழ்ந்தார்கள் என்றால் அவர்களுக்குச் சோறு போட்டவர் யார்? ஏர் ஓட்டியவர் யார்? அந்த எல்லைப்புறத்தில் நாட்டைக் காத்து நின்ற குதிரைப் படை எங்கே தங்கியது? இந்தக் கேள்விகள் நெடுங்காலம் வாயிலிலேயே காத்துக் கிடந்தன.

1985-இல் லின் ராட்லி என்ற அம்மையார், முற்றத்தைச் சூழ்ந்து அறைகள் அமைந்த பெரிய குடைவரைத் தொகுதிகளைத் துல்லியமாக அளந்து ஒரு நூல் வெளியிட்டார். அவரும் அவற்றை மடங்கள் என்றே கொண்டார். ஆயினும் அவருடைய அளவைகள்தாம் அடுத்து வந்தவர்களுக்கு உதவின. 1990-களில் தாமஸ் மாத்யூசும் அவர் துணைவியாரும் அந்தத் தரைப்படங்களை மடங்களோடு ஒப்பிடுவதை விட்டு, மாளிகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அதே ஆண்டுகளில் ராபர்ட் ஆஸ்டர்ஹௌட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அக்சராய் நகருக்கு அருகே சான்லி கிலிசே என்ற இடத்தில் ஒரு குடியிருப்பு முழுவதையும் அறை அறையாக அளந்தார். வெரோனிகா காலஸ் என்ற அம்மையார் செலிமே, யாப்ராக்ஹிசார் என்னும் ஊர்களில் அவ்வாறே செய்தார். அவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: இவற்றுள் மிகப் பல மடங்கள் அல்ல, வீடுகள்.

எப்படிக் கண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அதுதான் என்னைக் கவர்ந்த பகுதி. பைசாந்தியத் துறவிகள் கூடி உண்பவர்கள். ஆகவே மடம் என்றால் அதில் உணவுக்கூடம் ஒன்று இருக்கும். கப்படோசியாவில் அந்த உணவுக்கூடத்தை அடையாளம் காண்பது எளிது. நீண்ட மேசையையும் அதன் இருபுறத்து இருக்கைகளையும் பாறையிலேயே விட்டுக் குடைந்திருப்பார்கள். கோரமே பள்ளத்தாக்கில் இத்தகைய கல்மேசைகள் பல உள்ளன. அங்கே துறவிகள் இருந்தார்கள், ஐயமில்லை. ஆனால் முற்றமும் பெருங்கூடமும் கொண்ட பெரிய தொகுதிகளில் தேடினால், அவற்றுள் பெரும்பாலானவற்றில் அந்தக் கல்மேசை இல்லை. ஒரு மேசை இல்லாமை ஒரு கொள்கையையே ஆட்டிவிட்டது!

இன்னொன்றும் கண்டார்கள். மடத்தில் தேவாலயமே நடுநாயகம். இந்தத் தொகுதிகளிலோ தேவாலயம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. முற்றத்தில் நுழைபவர் கண்ணுக்கு முதலில் படுவது, குருட்டு வளைவுகள் வரிசை வரிசையாகச் செதுக்கிய ஒரு முகப்பு. அதன் பின்னே குறுக்காக ஒரு நீண்ட நடைக்கூடம். அதன் நடுவிலிருந்து மலைக்குள் நேராகச் செல்லும் ஒரு பெருங்கூடம். தரைப்படத்தில் இரண்டு கோடுகள் செங்குத்தாகச் சேர்கின்றன. விருந்தினரை வரவேற்கவும், வழக்குகளைக் கேட்கவும், தன் பெருமையைக் காட்டவும் ஒரு தலைவனுக்கு வேண்டிய கூடம் அது. இந்த அமைப்பு அக்காலத்து இஸ்லாமிய நாடுகளின் மாளிகைகளிலிருந்து வந்தது என்று மாத்யூஸ் காட்டினார். எல்லையில் அரபுப் படைகளோடு போரிட்ட தலைவர்கள், வீடு திரும்பியதும் பகைவர் வீட்டைப் போலவே தம் வீட்டைக் குடைந்துகொண்டார்கள். போர்க்களத்தில் பிரிந்து நின்றவர்கள் வரவேற்பறையில் ஒன்றுபட்டுவிட்டார்கள். வரலாற்று நூல்களின் போர்ப் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை; தரைப்படம் சொல்கிறது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் எங்கே சமைத்தார்கள்? முற்றத்தின் ஓரத்தில் சமைத்தார்கள். சதுரமான ஓர் அறை. மேலே போகப் போகக் குறுகும் கூம்புக் கூரை. அதன் உச்சியில் ஒரு துளை. அந்தத் துளை வழியே புகை மலைக்கு வெளியே போகும். இஹ்லாரா பள்ளத்தாக்கின் வட முனையில் உள்ள செலிமேயின் அடுக்களை இவற்றுள் பெயர் பெற்றது. பாறைக்குள் ஒரு கோபுரத்தையே தலைகீழாய் இறக்கியதுபோல உயர்ந்து செல்லும் புகைபோக்கி அதற்கு உண்டு. இத்தகைய அறைகளின் தரையில் குழி அடுப்புகள் உள்ளன. அந்த அடுப்புக்கு அந்நாட்டார் இன்று சொல்லும் பெயர் ‘தந்திர்’. நம் விடுதிக்கு எதிர்க்கடையில் ரொட்டி சுடும் தந்தூர் அடுப்பு இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே பெயர், ஒரே குடும்பம். அந்தப் படத்தைப் பார்த்த அன்று மாலை, கடைக்காரர் ரொட்டியைக் கம்பியால் கொக்கி எடுப்பதை வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுக்களையைக் கண்ட பின் மற்றவை தாமே கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. குல்ஷெஹிருக்கு அருகே அசிக்சராய் என்னும் இடத்தில் பெரிய பெரிய லாயங்கள் உள்ளன. சுவர் நெடுகத் தீனித் தொட்டிகள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. கயிறு கட்டத் துளைகளும் உண்டு. கப்படோசியக் குதிரைகள் உரோமர் காலத்திலிருந்தே புகழ் பெற்றவை. குதிரைக்கு இவ்வளவு இடம் விட்டவன் தவம் செய்ய வந்தவனாக இருப்பானா? வேறிடங்களில் திராட்சை மிதிக்கும் தொட்டிகள் கிடைத்தன. மேல் தொட்டியில் காலால் மிதிக்க, சாறு துளை வழியே கீழ்த் தொட்டிக்கு இறங்கும். தானியம் கொட்டும் குழிகள், பெரிய சாடிகளை நிறுத்தும் பள்ளங்கள், தேனீ வளர்க்கும் மாடங்கள், ஓடைநீரைத் திருப்பிவிடப் பாறையின் அடியில் குடைந்த கால்வாய்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இவை எல்லாம் ஜெர்பானியான் காலத்திலும் அங்கேதான் இருந்தன. அவர் கால்கள் அவற்றைத் தாண்டிச் சென்றிருக்கும்.

அச்சமும் அந்த வாழ்வின் ஒரு பகுதி. ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை அரபுப் படைகள் ஆண்டுதோறும் போல அந்நிலத்தில் புகுந்து சூறையாடின. படை வரும் செய்தி கேட்டதும் மக்கள் நிலத்துக்கு அடியில் இறங்கினார்கள். தெரின்குயு, கைமாக்லி முதலிய ஊர்களின் கீழே அடுக்கடுக்காய் அறைகள் உள்ளன. மேலடுக்குகளில் ஆடுமாடுகளுக்குத் தொழுவம். ஆழத்தில் கிணறு. காற்றுக்குச் செங்குத்துத் துளைகள். வழியை அடைக்க ஆட்டுக்கல்லை நிறுத்தி வைத்ததுபோன்ற பெரிய வட்டக் கற்கள். அவற்றை உள்ளிருந்துதான் உருட்ட முடியும். பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் லியோ தீக்கன், இந்நாட்டார் குழிகளிலும் பொந்துகளிலும் புகுந்து வாழ்ந்ததால் ‘குகைவாசிகள்’ என்று முன்பு அழைக்கப்பட்டதாகக் குறித்தார்.

அந்த அச்சம் அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் வருத்தம். 1909-இல் அதானா நகரில் ஆர்மீனியர் படுகொலை செய்யப்பட்ட செய்தி பரவியபோது, ஆக்சோ என்னும் ஊரின் கிரேக்க மக்களில் பெரும் பகுதியினர் சுரங்க அறைகளில் இறங்கி ஒளிந்தார்கள். சில இரவுகள் தரைமேல் உறங்கவே துணியவில்லை. அவர்களுடைய பேச்சுமொழியை ஆராய அங்கே சென்றிருந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் டாக்கின்ஸ் இதை எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் குடைந்த அறை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறொரு தாயும் பிள்ளையும் ஒடுங்கி உட்கார உதவிற்று.

இந்த வீடுகளில் இருந்தவர்களின் முகத்தைக் காண வழி உண்டா? சிறிது உண்டு. சோகன்லி பள்ளத்தாக்கில் உள்ள ஒரு தேவாலயத்தில் 1060–61-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு உள்ளது. மைக்கேல் ஸ்கெபிடிஸ் என்ற படைத்தலைவர், காதரின் என்ற பெண்துறவி, நிபோன் என்ற துறவி ஆகியோர் பெயர்கள் அதில் வருகின்றன. ஒரே சுவரைச் செலவு செய்து அழகுபடுத்தியவர்களில் துறவியும் உண்டு, இல்லறத்தாரும் உண்டு. தேவாலயம் இருந்தாலே மடம் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வசதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் முற்றத்தோடு ஒரு தேவாலயத்தைக் குடைந்துகொண்டது. இறந்தவர்களை அதன் முன்மண்டபத்துத் தரையில் அடக்கம் செய்தது. அங்கே பாறையில் வெட்டிய குழிகளுள் மிகச் சிறியவையும் உண்டு. அவை குழந்தைகளுக்கானவை. துறவி மடத்தில் குழந்தைகளின் கல்லறை எதற்கு? இந்த ஒரு வரியை நூலில் படித்தபோது, வாதத்தில் வென்ற மகிழ்ச்சி எனக்கு வரவில்லை. நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

அக்காலத்து ஓர் ஆவணமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. யூஸ்தாதியஸ் பொய்லாஸ் என்ற கப்படோசியச் செல்வர் 1059-இல் எழுதிய உயில் அது. அவர் பிறந்த மண்ணை விட்டுக் கிழக்கு எல்லைப்புறத்தில் குடியேறியவர். பாம்பும் தேளும் நிறைந்த காட்டை நெருப்பாலும் கோடரியாலும் திருத்தி நிலமாக்கிய பாட்டை அதில் சொல்கிறார். மனைவியும் மகனும் முன்பே இறந்துபோனதைச் சொல்கிறார். இரண்டு பெண்களுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கிறார். தம்மிடம் இருந்த எண்பது அளவான நூல்களைக் கணக்கிடுகிறார். தம் அடிமைகளுக்கு விடுதலை தந்து, சிலருக்கு நிலமும் எழுதி வைக்கிறார். ஆம், அடிமைகள்! அந்த அழகிய முகப்புகளுக்குப் பின்னே அவர்களும் இருந்தார்கள். கூம்புக் கூரையின் கீழே புகையில் நின்றவர் யார், லாயத்தில் சாணம் அள்ளியவர் யார் என்று எண்ணும்போது, ‘அன்றாட வாழ்க்கை’ என்ற சொல்லைக் கண்டு அப்படியே மயங்கிவிடவும் கூடாது என்று தோன்றுகிறது. மாளிகையைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. மாளிகைக்குள்ளும் ஓவியம் இல்லாத அறைகள் உண்டு.

1071-இல் மான்சிகெர்ட் போரில் பைசாந்தியப் படை தோற்றது; கப்படோசியா செல்ஜூக் துருக்கியர் வசமாயிற்று. அதன் பிறகும் அங்கே கிறிஸ்தவர் வாழ்வு அறுந்துவிடவில்லை. பெலிசிர்மா என்னும் ஊரின் தேவாலயம் ஒன்றில், 1283-க்கும் 1295-க்கும் இடையில் தீட்டிய ஓவியம் உள்ளது. தாமர் என்ற சீமாட்டி தேவாலயத்தின் சிறு உருவத்தைக் கையில் ஏந்தி நிற்கிறாள். மறுபக்கத்தில் பசில் என்ற தலைவர் தலைப்பாகை அணிந்து நிற்கிறார். கல்வெட்டிலோ கான்ஸ்டாண்டிநோபிளின் பேரரசர் பெயரும் உண்டு; சுல்தான் மசூதின் பெயரும் உண்டு. தலைப்பாகை கட்டிய கிறிஸ்தவர், சுல்தானின் பெயரைத் தம் தேவாலயத்திலேயே எழுதுகிறார். ஒரே சட்டத்துக்குள் மனிதரை அடக்கப் பார்க்கும் நம் காலத்துக்கு அந்தச் சுவர் நல்ல பாடம்.

பிற்காலத்து உழவர்கள் பல தேவாலயங்களைப் புறாமாடங்களாக மாற்றினார்கள். சன்னல்களைக் கல்லால் அடைத்து, புறா நுழையச் சிறு துளைகள் மட்டும் விட்டார்கள். புறா எச்சம் திராட்சைத் தோட்டத்துக்கு நல்ல எரு. அடைத்த இருட்டில் ஓவியங்கள் வெயில் படாமல் நிறம் கெடாமல் இருந்தன. சாவுஷினில் உள்ள ஒரு தேவாலயத்துக்குப் ‘பெரிய புறாமாடம்’ என்றே பெயர். அதன் சுவரில் 963 முதல் 969 வரை ஆண்ட பேரரசர் நிகிபோரஸ் போகாஸ் தம் குடும்பத்தோடு காட்சியளிக்கிறார். பேரரசரைக் காத்தது புறா எச்சத்துக்காக ஓர் உழவன் அடைத்த சன்னல். ஓவியத்தின் வரலாறும் உழவின் வரலாறும் வேறு வேறு என்று யார் சொன்னது?

1923-இல் கிரேக்க நாடும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ளும் உடன்பாடு செய்தன. அதன்படி கப்படோசியாவின் கிறிஸ்தவர்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினார்கள். செல்வேயின் குடைவரை ஊரில் துருக்கியர் மேலும் சில காலம் வாழ்ந்தனர். பாறை இடிந்து விழும் அச்சத்தால் 1952-இல் அவர்களும் வெளியேற்றப்பட்டுப் புது ஊருக்குச் சென்றார்கள். 1985-இல் கோரமேயும் அதைச் சூழ்ந்த குடைவரைகளும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தன. இன்று பல குடைவரை வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன; அந்த ஊர்களின்மேல் காலைதோறும் வெப்பக்காற்றுப் பலூன்கள் மிதக்கின்றன.

நண்பர்களே, எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் அடுக்களையைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். “அரண்மனை, கோயில், கல்வெட்டு என்று எவ்வளவோ இருக்க, அடுப்பிலும் லாயத்திலும் என்ன படிப்பு?” என்றார் அப்பா. அவருக்கு நான் தந்த விடையைச் சொல்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பழைய வீட்டை இடிக்க முடிவாயிற்று. நான்கு சகோதரர்களின் பங்கு, வேறு வழியில்லை. தேக்குத் தூண்களுக்கு விலை பேச ஆள் வந்தார். செதுக்கு வேலை செய்த வாயிற்கதவை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். சாமி அறையின் படங்களைப் பெரியப்பா எடுத்துப் போனார். அடுக்களையை யாரும் கேட்கவில்லை. எடுத்துப் போக அதில் என்ன இருந்தது? கரி பிடித்த நான்கு சுவர்கள். ஆஸ்டர்ஹௌட்டின் நூலில் கண்ட முறையை நினைத்துக்கொண்டு, தச்சரிடம் நாடா ஒன்றை இரவல் வாங்கி, அந்த அடுக்களையை அளந்து வரையத் தொடங்கினேன். அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

“அடுப்படிய எதுக்குய்யா அளக்குற?”

“சும்மாதான் அப்பத்தா. ஞாபகத்துக்கு.”

சற்று நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ஒவ்வொரு மாடத்தையும் தொட்டுக் காட்டினார். இது உப்புச் சாடி இருந்த இடம். இது அஞ்சறைப் பெட்டி. பஞ்ச காலத்தில் கம்பை ஒளித்து வைத்த குழி இது. கடைசியில் கிழக்கு மூலையைக் காட்டி, “ஒங்கப்பன் பொறந்தது இங்கனதான். அன்னைக்கு மழை; கூடமெல்லாம் ஒழுகுச்சு. அடுப்படி மட்டுந்தான் காஞ்சு கெடந்துச்சு” என்றார். என் வரைபடத்தில் அந்த மூலை வெறும் கோடாக இருந்தது. அதன் அருகே அவர் சொன்னதை எழுதினேன். அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். அதன் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

செலிமேயின் அடுக்களையில் நின்று இப்படிச் சொல்ல ஓர் அப்பத்தா இல்லை. அங்கே அளவைகள் மட்டுமே உண்டு: இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் உயரம், உச்சியில் ஒரு துளை. ஆயினும் அந்த அளவையாவது எடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அது பெரிய செயல். கூரையில் படிந்த கரியும் ஒரு கல்வெட்டுத்தான். அதை எழுதியவர்கள் எழுதுகிறோம் என்று அறியாமலே, நாள்தோறும், காலையும் மாலையும் எழுதினார்கள்.

நம் சங்கத்தில் வரலாறு படிப்பவர் சிலரே. பொறியியலும் மருத்துவமும் அறிவியலும் படிப்பவர்களே மிகுதி. ஆனால் நாடா பிடித்து ஓர் அறையை அளக்க எல்லோராலும் முடியும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, இடிக்க இருக்கும் பழைய வீடு ஒன்று உங்கள் குடும்பத்தில் இருந்தால், தூணையும் கதவையும் பிறர் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அடுக்களைக்குப் போங்கள். அளந்து வரையுங்கள். அங்கே சமைத்தவரைப் பக்கத்தில் அழைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.